பெக்கோஸ் சூரியகாந்தி: ஹெர்பேரியம் பதிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெக்கோஸ் சூரியகாந்தி டெய்சி குடும்பத்துச் செடி. பாலைவனத்தில்தான் வளர்கிறது, ஆனால் வேர் ஈரத்தில் நிற்க வேண்டும். நியூ மெக்சிகோவிலும் மேற்கு டெக்சாசிலும் ஊற்றுகளை ஒட்டிய உப்புச் சதுப்புகளே இதன் வீடு. 1999-ல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தச் செடி முன்பு எங்கெல்லாம் இருந்தது என்பதற்கு, ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் செடியை ஒட்டி வைத்திருக்கும் தாள்களைப் போல நல்ல சாட்சி வேறில்லை. அதனால்தான் அவற்றை அவசரமாகப் படிப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

முதலில் பெயர். தாவரவியலாளர் சார்லஸ் ஹைசர் இதைத் தனி இனமாகப் பெயரிட்டது 1958-ல்தான். அதற்கு முன் சேகரித்த செடி, சாதாரண சூரியகாந்தி என்ற பெயரிலேயே ஏதோ ஓர் அலமாரியில் இருக்கலாம். இந்த இனமே சாதாரண சூரியகாந்தியும் புல்வெளிச் சூரியகாந்தியும் கலந்து உருவானது. சாயல் இருக்கத்தான் செய்யும். எனவே பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். தாளின் படத்தைத் திறந்து, பூத்தலைக்குக் கீழே உள்ள பச்சைச் செதில்களைப் பாருங்கள். சாதாரண வகையில் அவை அகலமாக இருந்து நுனியில் சட்டெனக் கூராகும். இதில் குறுகலாக, ஈட்டி போல இருக்கும். பிறகு வந்த நிபுணர் யாராவது பெயரைத் திருத்திச் சீட்டு ஒட்டியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

எண்ணிக்கையிலும் ஏமாறுவோம். ஒரே நாளில் ஒரே இடத்தில் பறித்த செடிகளைப் பல ஹெர்பேரியங்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது பழைய வழக்கம். சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே பதிவு.

பெரிய தவறு இடத்தில்தான் நடக்கிறது. பழைய சீட்டில் ஊர்ப் பெயரும் மைல் கணக்கும் மட்டுமே இருக்கும். வரைபடப் புள்ளியைப் பின்னால் வேறு யாரோ கணித்துப் போட்டிருப்பார்கள். காட்டுச் செடிக்கு ஓரிரு கிலோமீட்டர் பிசகினால் பரவாயில்லை என்று தோன்றலாம். ஊற்றுச் செடிக்கு அது பொருந்தாது, அந்தப் புள்ளி வறண்ட மண்ணில் போய் விழுந்துவிடும். அப்புறம், 'இந்தச் செடி வறட்சியையும் தாங்கும்' என்று, வாழிடத்தைக் கணிக்கும் கணினி மாடல் முடிவு சொல்லும். பிழை வட்டம், அதாவது உண்மையான இடம் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கலாம் என்ற அளவு, தராத புள்ளியை வாழிடக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சில புள்ளிகளை, செடியின் பாதுகாப்புக்காக வேண்டுமென்றே மங்கலாக்கியும் வைத்திருப்பார்கள்.

பழைய தாளை இன்றைய நிலையாக எண்ணுவதும் தவறு. மேற்கு டெக்சாசின் ஃபோர்ட் ஸ்டாக்டன் ஊரில் இருந்த கமான்சே ஊற்றுகள், பாசனத்துக்கு நிலத்தடி நீரை இறைத்ததால் 1961-ல் வற்றின. நீர் போன இடத்தில் செடி மட்டும் எப்படி நிற்கும்?

சரி, பதிவே இல்லாத சதுப்பில் செடி இல்லை என்று சொல்லலாமா? கூடாது. இது ஓராண்டுச் செடி, பூப்பது செப்டம்பர், அக்டோபரில். பக்கத்தில் கிடைத்த தாள்கள் எல்லாம் ஏப்ரலில் சேகரித்தவை என்றால், பூக்கும் காலத்தில் அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதற்குத்தான் அவை சான்று.