நட்பு மதில் கீறப் போகிறவர்களுக்கு

'இரு நாட்டு நட்பு' என்று சுவரோவியப் போட்டி அறிவித்தால் பலருடைய கை தானாகவே ஒரே படத்தைத்தான் கீறுகிறது. இரண்டு கொடி, கைகுலுக்கும் இரண்டு கை, மேலே ஒரு வெள்ளைப் புறா. கொடியின் நிறத்தை மாற்றிவிட்டால் அது எந்த நாட்டுக்கும் பொருந்தும். நடுவர்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். நான் யாழ்ப்பாணத்தில் கடைப்பலகை எழுதியவன், பிளெக்ஸ் வந்த பிறகு மதிலுக்கு மாறினேன். என்னைக் கேட்டால், தூரிகையைத் தொடுவதற்கு முன்னம் அந்த இரண்டு நாட்டுக்கும் நடுவில் உண்மையாகவே போய்வந்த ஒரு பொருளையோ ஆளையோ தேடிப் பிடியுங்கள்.

இலங்கையோடு அமெரிக்கா என்று வைத்துக்கொள்வோம். வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணியை ஓர் அமெரிக்கர் வாங்கினார். நம்முடைய மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய், 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த டாக்டர் சாமுவேல் கிறீனும் அதே மாநிலத்துக்காரர்தான். இரண்டும் நல்ல கதை, ஆனால் இரண்டையும் ஒரே மதிலில் திணிக்க வேண்டாம். நான் என்றால் கப்பலைத்தான் எடுப்பேன். மதில் நீளம், கப்பலும் நீளம். மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கும் ஒரு பார்வையில் பிடிபடும். கிறீனின் முகத்தைக் கீறினால் பக்கத்தில் நின்று யாராவது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தியா என்றால் 2023இல் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. மீன்பிடிப் படகு கீறுவதானால் மட்டும் நன்றாக யோசியுங்கள். யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவர் ஒருவர் அதைப் பார்த்தால் நட்பா நினைவுக்கு வரும்? இந்திய இழுவைமடிப் படகுகளும் அவை அறுத்த வலையும்தான் வரும்.

அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். போட்டி நடத்துகிறவர்கள் வாங்கித் தருவார்கள் என்றாலும், ஒரு பிரதி சட்டைப்பையில் இருந்தால் பொலிஸ் வந்து கேட்கும்போது வேலை நிற்காது.

இனி மதில். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் மதில் மதிலாகக் கீறியது நினைவிருக்கும். அடிப்பூச்சு இல்லாமல் கீறிய எதுவும் இங்கே நிலைக்காது. நம்முடையது உப்புக் காற்று, பழைய மதில்களில் ஈரமும் ஏறும். முதல் நாள் மாலை ஒரு சாண் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு மதிலில் ஒட்டிவிடுங்கள். காலையில் உரித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அந்த மதில் இன்னும் காயவில்லை. வேறு மதில் கேளுங்கள், இல்லாவிட்டால் காயவிடுங்கள். புதிதாகப் பூசிய சீமெந்து என்றால் ஒரு மாதமாவது விட வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் தொடாமல் காய்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்துத் தட்டுங்கள். தண்ணீர் பட்டால் உப்புக் கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தூள் ஒட்டாத பிறகுதான் அடிப்பூச்சு, அதாவது வெளிச்சுவருக்கான பிரைமர்.

20 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் மாதிரிப் படத்தை 20 அங்குலத்துக்கு 8 அங்குலமாகக் கீறிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் ஓர் அடி, கணக்குச் சுலபம். மதிலில் சோக்குத் தூள் தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டி, அடிக்கு அடி கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மட்டும் பாருங்கள். கப்பலின் வளைவு தானாக வந்துவிடும். அப்புறம் வீதிக்கு மற்றப் பக்கம் போய் நின்று பாருங்கள். கிட்ட நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். மலிவான சிவப்பும் மஞ்சளும் நம்முடைய வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி, செங்காவி போன்ற மண் நிறங்கள் நிற்கும். கப்பலின் உடம்புக்கு அதுவே போதும். பெரிய பரப்புக்கு வெளிச்சுவர் எமல்ஷன், நுணுக்கத்துக்கு மட்டும் அக்ரிலிக். காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் மதிலில் ஏறியதும் நிறுத்துங்கள். சூடான மதிலில் பூசினால் தூரிகைத் தடம் அப்படியே காய்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் போட்டி வைத்தால் மழைக்குத் தறப்பாளும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கீழ் ஒன்றரை அடியில் முகமோ எழுத்தோ வைக்காதீர்கள். மழைச் சேறு தெறிப்பது அங்கே, சைக்கிள் சாய்வது அங்கே, ஆடு உரசுவதும் அங்கேதான். கடலை அங்கே வையுங்கள், கருநீலத்தில் அழுக்குத் தெரியாது.

எழுத்து மூன்று மொழியிலும் வருமென்றால் ஒவ்வொன்றையும் அந்த மொழிக்காரரிடம் கடதாசியில் காட்டிவிட்டு எழுதுங்கள். நம் நாட்டு அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படும் பாடு தெரியும்தானே. சிங்களத்துக்கு நாம் அதைச் செய்யக் கூடாது.

முதற்சுற்று பெரும்பாலும் படங்களை வைத்துத்தான் நடக்கும். மதிலில் மர நிழல் விழாத நேரத்தில், நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி இன்னொன்று எடுங்கள், அளவு தெரியட்டும். மிச்சப் பெயின்றை நிறத்துக்கு ஒரு போத்தலாக மூடி, எந்த இடத்துக்குப் பூசியது என்று மேலே எழுதி வையுங்கள். தேர்தல் காலத்தில் யாராவது சுவரொட்டி ஒட்டிக் கிழித்துவிட்டுப் போனால் அது தேவைப்படும்.