ஆக்டிவேஷன் தொல்லைக்கு ஒரு முடிவு: விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுவது எப்படி?

அவசரமாக ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருப்போம், திரையின் வலது கீழ் மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்' என்று மங்கலாக ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். எதைத் திறந்தாலும் அதற்கு மேலேயே நிற்கும். செட்டிங்ஸில் போய் வால்பேப்பர் மாற்றக்கூட விடாது. விண்டோஸ் 7 காலத்தில் இன்னும் மோசம், திரையே கறுத்துப்போய் 'பில்ட் 7601, இந்த நகல் அசல் அல்ல' என்று வரும். ஆக்டிவேஷன் என்பது நம்மிடம் இருக்கும் விண்டோஸுக்கு உரிமம் உண்டா என்று மைக்ரோசாஃப்ட் சரிபார்ப்பது. திருட்டு நகல் விற்பவரைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை, ஆனால் மாட்டிக்கொண்டு முழிப்பது பெரும்பாலும் விவரம் தெரியாமல் வாங்கியவர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்த கணினியோ, கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப்போ, 'விண்டோஸ் போட்டே தர்றோம் சார்' என்று கடையில் சொன்னால், லைசென்ஸ் உண்டா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரில் கோளாறு ஏற்பட்டு, முறையாக எக்ஸ்பியும் விஸ்டாவும் வாங்கியவர்களுக்கே 'உங்களுடையது போலி' என்று பதில் போனது. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்த பலருக்கு 'உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்தான்' என்று வந்து ஆக்டிவேஷன் கழன்றது. கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, போர்டு போய் வேறு போர்டு மாட்டினால் அதுவும் போச்சு.

'ஒரு ஆக்டிவேட்டர் இருக்கு, ஆன்டிவைரஸை நிறுத்திட்டு ஓட்டுங்க' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் என்ற முறையில், ஒவ்வொரு கணினியும் 180 நாளைக்குள் தன் அலுவலக சர்வரிடம் போய் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆக்டிவேட்டர்களில் பல அந்த சர்வர் மாதிரி உங்கள் கணினிக்குள்ளேயே நடிப்பவை. அதை எழுதியது யார் என்று தெரியாது, கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்றும் தெரியாது. அதற்கு நிர்வாகி அனுமதியைக் கொடுத்துவிட்டு அதே கணினியில் நெட் பேங்கிங் செய்வது பெரிய ஆபத்து. சட்டப்படியும் அது தப்புதான்.

என் கருத்து இது. விண்டோஸ் இல்லாமல் உங்கள் பிழைப்பு ஓடாது என்றால் காசு கொடுத்து ஒழுங்காக வாங்குங்கள். பிரவுசர், கடிதம், கணக்குத் தாள், படம் பார்ப்பது, பிள்ளைகள் படிப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் இந்தச் சோதனைக்கு ஆட்பட்டு இருக்க வேண்டிய அவசியமே இல்லை, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நல்லா ஓடுகிற பழைய ஐ3, ஐ5 பெட்டிகளைத் தூக்கிப் போட மனசு வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் மென்பொருள்களை மாற்றுங்கள்

பலர் லினக்ஸ் போட்டுவிட்டு ஒரே வாரத்தில் திரும்பி வருவதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. விண்டோஸில் இருக்கும்போதே பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸ், கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஆஃபீஸ், வீடியோவுக்கு விஎல்சி, படம் திருத்துபவர் என்றால் கிம்ப், வரைபவர் என்றால் இங்க்ஸ்கேப், இவற்றைப் போட்டுக் கொஞ்ச நாள் புழங்குங்கள். இவை எல்லாமே இலவசம், எல்லாமே லினக்ஸிலும் அப்படியே கிடைக்கும். அப்புறம் அடியில் இருக்கும் சிஸ்டம் மாறினாலும் கைப்பழக்கம் மாறாது.

கூடவே, எது நகராது என்றும் பார்த்துவிடுங்கள். டேலி, ஃபோட்டோஷாப், கோரல் டிரா, ஆட்டோகேட் இவற்றுக்கெல்லாம் லினக்ஸ் பதிப்பு இல்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உண்டு, அவர்களை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு மாறச் சொல்வது எளிது, வாடிக்கையாளரின் பழைய கோப்பைத் திறக்கும்போதுதான் சிக்கல் தெரியும். அந்த மாதிரி வேலை இருந்தால் இரண்டு சிஸ்டத்தையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே படி 5-ல் வருகிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வரி தாக்கல் செய்பவர்களும் அப்படித்தான்.

படி 2: பேக்கப், முக்கியமாகப் பழைய தமிழ்க் கோப்புகள்

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் டாக்குமென்ட்ஸ், படங்கள், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் நாலையும் நகலெடுங்கள். எடுத்த பிறகு வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இது லினக்ஸின் குறை அல்ல, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு என்ற எழுத்துமுறை வருவதற்கு முந்தைய பழக்கத்தின் மிச்சம். விண்டோஸில் இருக்கும்போதே என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போட்டு முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நம்ம சென்னையின் நியூ ஹொரைஸன் மீடியா வெளியிட்டது அது, இந்த வேலைக்கு அருமையாக உதவும்.

இன்னொன்று. லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் அதன் ரெக்கவரி கீயை, அந்த 48 இலக்க எண்ணை, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். அது இல்லாமல் பயாஸில், அதாவது கணினியின் தொடக்க அமைப்புகளில், கை வைத்து, விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு, கையில் எண்ணும் இல்லை என்றால் கோப்புகளை யாராலும் மீட்டுத் தர முடியாது. இரட்டை சிஸ்டம் வைக்கப் போகிறவர்கள் என்கிரிப்ஷனை முழுதாக அணைத்துவிடுவதே நிறுவும்போது சுலபம்.

படி 3: மின்ட்டை இறக்கி பென் டிரைவில் ஏற்றுவது

எத்தனையோ லினக்ஸ் இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். விண்டோஸ் போலவே கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, பழகிக்கொள்ள நேரம் ஆகாது. இப்போதுள்ள 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ரேம் 8 ஜிபி இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி அல்லது அதற்கும் குறைவு என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு சுமார் 3 ஜிபி.

மின்ட்டின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, கள்ள வாசல் வைத்த ஐஎஸ்ஓ கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அதனால் இறக்கியதும் சரிபார்ப்பது நல்ல பழக்கம். தளத்தில் எஸ்ஹெச்ஏ256 என்று ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும். உங்கள் கணினியில் செவன்-ஜிப் இருந்தால் இறக்கிய கோப்பில் வலது கிளிக் செய்து, எஸ்ஹெச்ஏ-256 தேர்ந்தெடுத்தால் அதே மாதிரி ஒரு வரிசை காட்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இதுவும் ஒரு சோதனைதான், ஆனால் இங்கே கோப்பைச் சோதிப்பது நீங்கள், உங்களை யாரும் சோதிக்கவில்லை.

அப்புறம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்து, ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதும் பலேனா எட்சர் என்ற மென்பொருளைத் திறந்து, ஐஎஸ்ஓ கோப்பையும் டிரைவையும் காட்டி ஏற்றுங்கள். டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முடிந்ததும் 'டிரைவை ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும், வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

படி 4: நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

பென் டிரைவைச் செருகி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, லோகோ தெரிந்த உடனே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடத்தில் மின்ட் திறந்துவிடும். கீ கேட்காது, பதிவு கேட்காது, மின்னஞ்சல் கேட்காது. ஹார்ட் டிஸ்க்கில் இதுவரை எதுவும் மாறவில்லை.

இங்கே நிதானமாக உட்காருங்கள். வைஃபை வருகிறதா, யூடியூப்பில் சத்தம் கேட்கிறதா, கேமரா, வெளிச்சக் குறைப்பு, பிரிண்டர், ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை வராவிட்டால் பயப்படாதீர்கள், மொபைலை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெத்தரிங் போட்டால் இணையம் வந்துவிடும், நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரில் சிப்புக்கான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். சில கேனன் லேசர் மாடல்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படும், மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 5: நிறுவுவது

டெஸ்க்டாப் கணினிக்கு யூபிஎஸ் இல்லை என்றால் உங்கள் ஏரியாவில் அன்றைக்குப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும். இரண்டு சிஸ்டமும் வேண்டும் என்பவர்கள் அதற்கு முன் விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருந்துகொண்டு அந்த டிரைவில் லினக்ஸை எழுத விடாது.

டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்ற ஐகானை இரண்டு முறை தட்டுங்கள். மொழி, கீபோர்டு கேட்கும். மல்டிமீடியா கோடெக் என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள், பாட்டும் படமும் சிக்கலில்லாமல் ஓட அது வேண்டும். அடுத்து வரும் திரையில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்று ஒரு வழி, 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று ஒரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் அதிலுள்ள எல்லாக் கோப்புகளும் போய்விடும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும், நடுவில் ஒரு பிடி இருக்கும். அதை மவுஸால் இழுத்து விண்டோஸுக்கு எவ்வளவு, மின்ட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். மின்ட்டுக்கு 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி கொடுத்தால் நிம்மதி. எத்தனை டிஸ்க் தெரிகிறது, எது பேக்கப் டிஸ்க் என்று குழப்பமே வேண்டாம், எக்ஸ்டர்னலை முன்னாடியே கழற்றி வைத்துவிடுங்கள்.

நேர மண்டலத்தில் கொல்கத்தா, பிறகு உங்கள் பெயர், கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல்லை மறக்காதீர்கள், மென்பொருள் போடும்போதெல்லாம் அதைத்தான் கேட்கும். முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றி என்டர் தட்டுங்கள். இனி கணினியைப் போடும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும். சிலருக்கு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். இரண்டு சிஸ்டமும் நேரத்தைக் குறித்துவைக்கும் முறை வேறு, நமக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடைவெளி ஐந்தரை மணி, அவ்வளவுதான். விண்டோஸின் நேர செட்டிங்ஸில் 'சிங்க்' தட்டினால் சரியாகிவிடும்.

படி 6: முதல் நாள் வேலைகள்

டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல், எடுங்கள். நாளைக்கு சிஸ்டத்தில் ஏதாவது கெட்டுப்போனால் இந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். அப்புறம் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற பொதியைத் தேடி நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது ஃபொனெடிக், தட்டச்சுப்பொறி, தமிழ்99 என்று பல வரும். இதுவரை எதுவும் பழகாதவர்கள் தமிழ்99 எடுங்கள், 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தரம் அது. 'அம்மா' என்று வர அ, ம, ம, ஆ என்று நாலு தட்டுதான், முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். விரல் பழகிவிட்டால் வேறு எதற்கும் போக மாட்டீர்கள்.

லிப்ரே ஆஃபீஸில் சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸ் என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் லதா எழுத்துரு இங்கே இருக்காது, அதற்குப் பதில் வேறொன்று வந்து உட்காரும், வரிகள் கொஞ்சம் இடம் மாறும். அலுவலகத்துக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அந்தத் தொந்தரவு இல்லை.

சந்தேகம் வந்தால்

தமிழிலேயே படிக்க 2012 முதல் வரும் கணியம் இணைய இதழ் இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் உண்டு, புதியவர் கேள்வி கேட்டால் பொறுமையாகச் சொல்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்தே அந்த லேப்டாப்புகளில் வந்தது. பாஸ், மின்ட் இரண்டுக்குமே வேர் டெபியன் என்ற லினக்ஸ்தான், அதில் கை பழகிய பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பகுதியை அழிக்க அவசரப்பட வேண்டாம். தொடர்ந்து சில மாதம் அந்தப் பக்கமே போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும்போது, மறுபடி ஒரு பேக்கப் எடுத்துவிட்டு அந்த இடத்தையும் மின்ட்டுக்குக் கொடுங்கள்.