வருங்காலத் தலைமுறைக்கு எதிரான குற்றம்: வாதம் சறுக்கும் இடங்கள்

"போபால் விஷவாயு வழக்கை, வருங்காலத் தலைமுறைக்கு எதிரான குற்றம் என்று சொல்லி, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஆதங்கம்தான். ஆனால் வழியில் மூன்று சுவர்கள். அந்த நீதிமன்றம் 2002 ஜூலை 1-க்கு முன் நடந்த எதையும் தொட முடியாது. போபால் நடந்தது 1984-இல். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. அப்புறம், அங்கே கூண்டில் ஏற்றுவது தனிமனிதர்களை மட்டுமே, கம்பெனியை அல்ல.

ஹேக்கில் இன்னொரு நீதிமன்றமும் இருப்பதால் செய்திகளில் குழப்பம் சகஜம். 2025 ஜூலையில் பருவநிலை பற்றி ஆலோசனைக் கருத்து சொன்னது சர்வதேச நீதிமன்றம். அது நாடுகளின் கடமையைப் பேசும். யாரையும் சிறைக்கு அனுப்பாது.

"வருங்காலத் தலைமுறைக்கு எதிரான குற்றம்" ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதுபோல் எழுதாதீர்கள். இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு என நான்குதான் ரோம் உடன்படிக்கையில் உண்டு. அவற்றை ஒப்புமை காட்டி இழுத்து நீட்டவும் அதன் 22ஆம் பிரிவு விடாது. 2024 செப்டம்பரில் வனுவாட்டு, பிஜி, சமோவா மூன்றும் சூழல் அழிப்பை, அதாவது இயற்கைக்குப் பெருஞ்சேதம் விளைவிப்பதை, ஐந்தாவது குற்றமாகச் சேர்க்கக் கேட்டது அதனால்தான்.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் தப்பு. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு பிறப்புகளைத் தடுப்பதும், குழந்தைகளைப் பறித்து வேறு இனத்திடம் சேர்ப்பதும் இனப்படுகொலையே. ராணுவப் பயனுக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இயற்கைக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் வருமென்று தெரிந்தே தாக்குவது போர்க்குற்றம். ஆனால் நாடுகளுக்கிடையிலான போரில் மட்டும்.

இப்படி வாதாடும் நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை நிரூபிப்பதில். சேதத்தின் அளவையே பக்கம் பக்கமாக அடுக்குவார்கள். நீதிமன்றம் கேட்பது வேறு: முடிவெடுத்த அன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன தெரியும்? விளைவு வரும் என்று அறிந்திருக்க வேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. வரலாம் என்று தெரிந்தும் துணிந்தது பொதுவாகப் போதாது. 2021-இல் ஒரு நிபுணர் குழு எழுதிய சூழல் அழிப்பு வரையறை, கணிசமான வாய்ப்பு இருப்பது தெரிந்தாலே போதும் என்று அந்தப் படியைக் கொஞ்சம் இறக்கியது. என் கணிப்பில் மொத்தச் சண்டையும் இந்த ஒரு வரியில்தான் நடக்கப்போகிறது.

ஆகவே தேதியிட்ட ஆய்வறிக்கை, எச்சரிக்கைக் கடிதம், கையெழுத்து எதையும் பழைய காகிதம் என்று விட்டுவிடக் கூடாது. 29ஆம் பிரிவின்படி இக்குற்றங்களுக்குக் காலாவதி கிடையாது. முப்பது வருஷம் கழித்தும் வழக்குத் தொடரலாம், கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருந்தால்.