கியர் ட்யூனிங்: ஸ்க்ரூ கடைசியில்தான்

ரோடு பைக்கில் கியர் ஒழுங்காக விழவில்லை என்றதும் கை நேராக ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேடுகிறது. செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டீரெய்லரில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்களையும் கால் சுற்று இப்படி, அரைச் சுற்று அப்படி என்று திருகிப் பார்ப்போம். ஒரு கியர் சரியாகும், இன்னொன்று கெடும். வெறும் ஃப்ரேமை வாங்கி ஒவ்வொரு பாகமாகப் பூட்டி பைக் ஆக்குவது என் பொழுதுபோக்கு என்பதால், நண்பர்கள் தங்கள் பைக்கையும் என் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். அப்படி வருகிறவற்றில் பெரும்பாலும் அந்த ஸ்க்ரூக்கள் மேல் எந்தக் குற்றமும் இருக்காது. டீரெய்லரை ஃப்ரேமோடு பிணைக்கும் ஹேங்கர் வளைந்திருக்கும், அல்லது கேபிள் உள்ளே பிடித்துப் பிடித்து ஓடும்.

காரணம் எளிது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ, தன் ட்யூரா-ஏஸ் வரிசையில் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் மாறும் கிளிக் கியரைக் கொண்டுவந்தது 1984-இல். அதற்கு முன்பு லீவரை எவ்வளவு நகர்த்துவது என்பதை ஓட்டுகிறவரின் கையும் காதும்தான் முடிவு செய்தன. செயின் உரசினால் அவரே இன்னும் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொள்வார். கிளிக் வந்தபிறகு ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும் லீவர், ஒவ்வொரு தடவையும் இத்தனை மி.மீ. என்று அளந்துதான் கேபிளை இழுக்கிறது. 8 ஸ்பீடு கேசட்டில் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரக் கொத்து) ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் 4.8 மி.மீ. தூரம். 11 ஸ்பீடில் அது 4 மி.மீ.கூட இல்லை. இவ்வளவு நெருக்கத்தில் ஹேங்கர் லேசாகச் சாய்ந்திருந்தாலே, ஒரு முனையில் சரியாக விழும் கியர் மறுமுனையில் தடுமாறும். அதை எந்த ஸ்க்ரூவும் சரிசெய்யாது.

முதலில் பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள். ஒரு நிமிட வேலை. இதில் சாய்வு இருந்தால் மேற்கொண்டு எடுக்கும் எந்த அளவும் பொய்.

அப்புறம் ஹேங்கர். டீரெய்லரைத் தாங்கி நிற்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, ஃப்ரேமைக் காப்பாற்ற முதலில் வளைந்துகொடுக்கட்டும் என்றே மெல்லியதாகச் செய்யப்படுகிறது. பைக் நின்ற இடத்தில் வலப்பக்கமாகச் சரிந்தாலே போதும், வளைந்துவிடும். பைக்குக்குப் பின்னால் குனிந்து, டீரெய்லரின் இரண்டு புல்லிகளும் (செயின் ஓடும் குட்டிச் சக்கரங்கள்) பல்சக்கரங்களோடு ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். கீழ்ப்புல்லி ஸ்போக் பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உறுதி செய்ய ஹேங்கர் கேஜ் வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் நீண்டநாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள். டீரெய்லரைக் கழற்றி அதே துளையில் கேஜைத் திருகி, அதன் நீண்ட கையை ரிம்மைச் சுற்றிக் கொண்டுபோய் மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியை ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். வால்வுக்குப் பக்கத்தில் ரிம்மின் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, கேஜ் நகரும்போது சக்கரத்தையும் சுற்றி அதே புள்ளியில் அளந்துகொண்டே போங்கள். ரிம்மில் லேசான கோட்டம் இருந்தாலும் அளவு ஏமாற்றாது. இடைவெளிகள் 2 முதல் 3 மி.மீ.க்குள் ஒத்துவந்தால் நான் திருப்தி. இல்லையென்றால் கேஜின் கையையே நெம்புகோலாகப் பிடித்து, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவேன். நிறைய வளைந்த ஹேங்கரை நிமிர்த்தாமல் மாற்றிவிடுங்கள். நிமிர்த்திய அலுமினியம் இன்னொரு அடியில் விரிசல் விடும். உங்கள் ஃப்ரேமுக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் மாறும், எல்லா இடத்திலும் கிடைக்காது.

கேபிளைச் சந்தேகப்பட ஒரு தெளிவான அடையாளம் உண்டு. பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்தைத்தான் பல் என்கிறேன்) ஏறும்போது கியர் நன்றாக விழுகிறது, சின்னப் பல்லுக்கு இறங்கும்போது மட்டும் தயங்குகிறது என்றால், முதலில் உராய்வைத்தான் தேட வேண்டும். ஏற்றுவது உங்கள் விரலின் பலம். இறக்குவது டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான்.

டீரெய்லரில் கேபிளைத் தளர்த்தி, நுனியை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு லீவரை இயக்குங்கள். வழவழவென்று வரவேண்டும். கரகரப்பு இருந்தால் இன்னர் (உள்ளே ஓடும் கம்பி), அவுட்டர் (அதை மூடியிருக்கும் உறை) இரண்டையும் மாற்றுங்கள். கியர் இன்னர் 1.2 மி.மீ., அவுட்டர் பொதுவாக 4 மி.மீ. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். மீந்துபோன கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அது பிளந்துகொள்ளும், பிரேக் கையில் இருக்காது.

அவுட்டரை வெட்டக் கேபிள் கட்டர்தான் வேண்டும், சாதாரண கட்டிங் பிளேயர் நுனியை நசுக்கிவிடும். வெட்டியபின் முனையை அரம் வைத்துத் தட்டையாக்கி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் குழாயைக் கூரான ஊசியால் திறந்துவிடுங்கள். தட்டையாக இல்லாத முனை, அதன்மேல் மாட்டும் தொப்பிக்குள் மெல்ல மெல்ல அமுங்கி, நீங்கள் வைத்த இழுவிசையைத் தின்றுவிடும்.

இப்போது ஸ்க்ரூவுக்கு வரலாம். கேபிள் இன்னும் கட்டப்படவில்லை, செயின் மிகச் சின்னப் பல்லில். பின்னாலிருந்து பார்த்தால் மேல்புல்லி அந்தப் பல்லின் வெளிவிளிம்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அந்த இரண்டு ஸ்க்ரூக்களில் ஒன்றான எச் ஸ்க்ரூவை இறுக்கினால் புல்லி உள்ளே வரும், தளர்த்தினால் வெளியே போகும். பிறகு செயினைப் பெரிய பல்லில் வைத்து, டீரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தப் பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் விழ வழியே இருக்கக் கூடாது. அதைத் தடுப்பது இன்னொன்றான எல் ஸ்க்ரூ. இதில் அலட்சியம் வேண்டாம், ஏற்றத்தில் செயின் ஸ்போக்கில் சிக்கினால் சக்கரம், டீரெய்லர், சமயத்தில் ஃப்ரேமும் போய்விடும்.

செயினை மறுபடி சின்னப் பல்லுக்கு இறக்கி, ஷிஃப்டரையும் கடைசி கிளிக் வரை விட்டு, கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். ஒரு கிளிக். செயின் இரண்டாவது பல்லுக்கு ஏறவில்லையென்றால், கேபிள் டீரெய்லருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகான பேரல் அட்ஜஸ்டரைப் பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். மூன்றாவதற்கே தாவினால் மறுதிசை.

இரண்டாவது பல்லில் நின்றபடி எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. கிளிக் ஆகாத அளவுக்கு லீவரை லேசாக அழுத்தி அதன் தளர்ச்சியை மட்டும் எடுத்துவிட்டுப் பெடலைச் சுற்றுங்கள். செயின் மூன்றாவது பல்லைத் தொட்டுச் சலசலக்க வேண்டும். விரலை எடுத்ததும் சத்தம் அடங்க வேண்டும். இரண்டும் நடந்தால் இழுவிசை கச்சிதம். இதற்கு மேல் துல்லியமான கருவியை நான் பார்த்ததில்லை. மேல்புல்லியைப் பல்சக்கரங்களிலிருந்து தள்ளிவைக்கும் பி ஸ்க்ரூவின் வேலை சின்னது: பெரிய பல்லுக்கும் மேல்புல்லிக்கும் நடுவே 5 அல்லது 6 மி.மீ. விட்டால் பெரும்பாலான ரோடு டீரெய்லர்களுக்குச் சரிவரும்.

எலக்ட்ரானிக் கியர் வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் பாடு இல்லை. ஹேங்கர் பாடு அவர்களுக்கும் அப்படியேதான்.

ஸ்டாண்டில் எல்லாம் அழகாக விழும். சாலையில் உங்கள் எடை ஏறும்போதுதான் உண்மை தெரியும். மெல்லிய ஏற்றம் ஒன்றில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கியரையும் மாற்றிப் பாருங்கள். மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் பெடலில் அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் சுற்றுவதை நிறுத்தாதீர்கள். பழக்கமானால் செயினும் கேசட்டும் நீண்டநாள் உழைக்கும். புது கேபிள் போட்டிருந்தால் சில ரைடுக்குள் அவுட்டர் முனைகள் அமர்ந்து, இழுவிசை கொஞ்சம் குறையும். அப்போது பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருப்பினால் போதும். அதன்பிறகு திடீரென்று ஒருநாள் கியர் தடுமாறினால் எதையும் திருகாமல், ஷிஃப்டருக்குள் கேபிளின் தலைப்பகுதியைப் பாருங்கள். ஓரிரு இழைகள் அறுந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். முழுதாக அறுந்தால் உடைந்த தலையை ஷிஃப்டருக்குள்ளிருந்து எடுப்பது பெரும்பாடு.