வானொலியில் வராத இசையைத் தேடிப் பிடிக்க: பெயர்களைப் பின்தொடரும் வழி

சேலத்தில் எந்தத் தனியார் பண்பலையைத் திருப்பினாலும், காலையில் கேட்ட பாட்டே மாலையிலும் காதில் விழுகிறது. விளம்பர வருமானத்தில் ஓடும் நிலையங்கள், நேயர் வேறு அலைவரிசைக்குத் தாவிவிடக் கூடாதே என்ற கவலையில், ஏற்கெனவே தெரிந்த பாடல்களையே சுற்றில் வைக்கின்றன. அவர்களிடம் வேறொன்றை எதிர்பார்ப்பதில் பயனில்லை. தேட வேண்டியவர்கள் நாம்தான். நான் கடைப்பிடிப்பது ஒரே வழி: பாட்டைத் தேடாமல், அதில் வாசித்தவரின் பெயரைத் தேடுவது. பாட்டுக் கேட்கும் செயலியை நிறுவுவதும் கணக்குத் தொடங்குவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: பரிந்துரைகளைச் சுத்தம் செய்யுங்கள்

வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் கேட்டால், தாலாட்டும் சுப்ரபாதமும் உடற்பயிற்சிப் பாட்டும் கலந்து, செயலி உங்களை இன்னார் என்று அறிய முடியாமல் போகும். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட்டின் மூன்று புள்ளிகளைத் தொட்டால், அதை உங்கள் ரசனைக் கணிப்பிலிருந்து விலக்கி வைக்கும் தேர்வு கிடைக்கும். யூடியூபில் பார்வை வரலாற்றை நிறுத்தி வைக்கலாம். இதற்கு மேல் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் நேற்றுக் கேட்டதைப் போன்ற இன்னொன்றைத் தருவதுதான் அதற்குக் கைவந்த வேலை.

படி 2: ஒரு பெயரைப் பிடியுங்கள்

பெயர் தேவையென்றால் அறிவிப்பாளர் வேண்டும். ஆகாசவாணியின் ராகம் அலைவரிசை 2016 ஜனவரி 26 முதல் முழுநேரமும் சாஸ்திரிய இசை தருகிறது. நியூஸ் ஆன் ஏர் செயலியில் அதைக் கேட்கலாம். கச்சேரி ஒலிபரப்பில் பாடகரோடு வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களின் பெயர்களையும் வாசிப்பார்கள். பாடகரை விட்டுவிட்டுப் பக்கவாத்தியக்காரரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாடகர்கள் பெரும்பாலும் தத்தம் பாணிக்குள்ளேயே இருந்துவிடுவார்கள். தாளக் கலைஞர்களோ பலருடன் வாசிக்க ஊர் ஊராகப் போகிறவர்கள்.

படி 3: அந்தப் பெயரை டிஸ்காக்ஸில் திறந்து பாருங்கள்

பலர் இங்கேதான் கைவிட்டு விடுகிறார்கள். என்னையும் நெடுநாள் தடுத்து நிறுத்திய படி இதுவே. ஸ்பாட்டிஃபையில் கலைஞர் விவரம் பார்க்கும் வசதி இருந்தாலும், பல பதிவுகளுக்குப் பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்களைத் தவிர எதுவும் இருப்பதில்லை. 2000-ல் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் அப்படியல்ல. இசைத்தட்டு உறையின் பின்புறம் அச்சான பெயர்களைப் பயனர்கள் ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்து சேர்த்த தரவுத்தளம் அது. கணினியில் பார்ப்பது நல்லது. கைப்பேசித் திரையில் அந்த நீண்ட பட்டியல் கண்ணைக் கட்டும்.

சிக்கல் என்னவென்றால், நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. மேண்டலின் ஸ்ரீனிவாஸ் பெயரில் எஸ்-ஐ அடுத்து எச் இருக்கும் உறையும் உண்டு, இல்லாத உறையும் உண்டு. கடம் விநாயக்ராம், விக்கு என்ற அடைமொழியோடும் டி.எச். என்ற முன்னெழுத்துகளோடும் வெவ்வேறு இடங்களில் வருகிறார். தேடுபெட்டியில் ஒரு வடிவத்தை மட்டும் போட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். கலைஞரின் பக்கம் திறந்ததும் மேலே, பிற பெயர் வடிவங்கள் என்ற வரி இருக்கும். அதிலுள்ள ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். பிறகு, அவர் முதன்மைக் கலைஞராக இல்லாமல் உடன் வாசித்த பதிவுகளின் பகுதிக்கு வாருங்கள். சுரங்கம் அங்கேதான் இருக்கிறது.

விநாயக்ராமையே எடுத்துக்கொள்வோம். 1970-களில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் சக்தி குழுவில் வாசித்தவர் என்பது பலருக்குத் தெரியும். உடன் வாசித்த பதிவுகளில் இறங்கினால், அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட பிளானட் டிரம் என்ற தொகுப்பு வரும். அதில் ஜாகிர் உசேன், நைஜீரியாவின் பேசும் பறைக் கலைஞர் சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்ட்டோ மொரெய்ரா ஆகியோரும் இருக்கிறார்கள். ஐர்ட்டோவின் பெயரை அழுத்தினால், 1970-ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலும், பின்னர் இன்னொரு ஜாஸ் கலைஞரான சிக் கொரியாவின் குழுவிலும் தாளம் வாசித்தவர் அவர் என்று தெரியவரும். கடத்தில் தொடங்கிய நம் தேடல் சிறிது நேரத்தில் அமெரிக்க ஜாஸ் வரை வந்துவிட்டது. இந்தப் பாதையைப் பரிந்துரை இயந்திரம் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

படி 4: திருவிழா அழைப்பிதழைத் தூக்கி எறியாதீர்கள்

நம் ஊர்த் திருவிழா இசை பெரும்பாலும் டிஸ்காக்ஸில் இருக்காது. ஆனால் அதற்கும் பெயர்ப்பட்டியல் உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கினால் சேலத்தின் மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் பம்பை முழங்கும். ஓமலூர், எடப்பாடிப் பக்கத்துச் சிற்றூர்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். அழைப்பிதழின் அடியில், உபயதாரர் பெயர்களுக்கும் அன்னதான நேரத்துக்கும் நடுவே, நாதசுரம், தவில், பம்பை, கூத்துக்குழு எந்த ஊரார் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு, குழுவின் பெயரையும் ஊரையும் தமிழிலேயே யூடியூபில் தட்டுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் சினிமாப் பாட்டுகளே முன்னே வந்து நிற்கும். வடிகட்டியில் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளிகளைத் தேர்ந்தால் துண்டுக் காட்சிகள் ஒழிந்து, யாரோ ஒருவர் மேடையோரம் நின்று முழு இரவையும் பதிந்த காணொளிகள் மேலெழும். ஒலித்தரம் சுமாராகத்தான் இருக்கும். கூத்தில் ஊதும் முகவீணை சற்றுக் கீச்சிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: முழுத் தொகுப்பாகக் கேளுங்கள், பிடித்தால் வாங்குங்கள்

ஏற்காடு போகும்போது கேட்பதானால் அடிவாரத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையில் இணையத்தை நம்ப முடியாது. வாங்குவதற்கு என் தேர்வு, இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப். பல தொகுப்புகளை முழுதாகக் கேட்ட பிறகே வாங்கலாம் என்பதோடு, பணத்தின் பெரும்பகுதி கலைஞருக்கே போகிறது. இன்னொரு பயனும் உண்டு: தொகுப்பின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் தெரியும், ஒருவரைத் தொட்டால் அவருடைய சேகரிப்பு முழுவதும் விரியும். உங்களுக்குப் பிடித்த அரிய தொகுப்பை வாங்கிய அந்நியரின் அலமாரியை மேய்வதற்கு ஈடான பரிந்துரை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

பிற்சேர்க்கை

பேண்ட்கேம்ப்பில் அட்டை மறுக்கப்படுகிறது என்று ஆத்தூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வங்கிச் செயலியின் அட்டைப் பகுதியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைக்கப்பட்டே இருக்கும். அதை இயக்கி, சிறிய தொகைக்கு வரம்பு வைத்து, வாங்கி முடித்ததும் மீண்டும் அணைத்துவிடுங்கள். மேடையில் கேட்ட பாட்டை, ஒலியை வைத்துப் பாட்டின் பெயர் சொல்லும் ஷாஸம் செயலி கண்டுபிடிக்கவில்லை என்பது மற்றொருவரின் குறை. அது பதிவான ஒலியைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். நேரில் பாடுவதை அதனால் பிடிக்க முடியாது. பாடல் முடிந்ததும் தவில்காரரிடமே கேட்டுவிடுங்கள்.