ஹாஸ்கெல் கற்பவர்கள் லிஸ்ட்டில் செய்யும் தவறுகள்

பைத்தானிலோ ஜாவாவிலோ கொஞ்சம் பழகிவிட்டு ஹாஸ்கெல் பக்கம் வருபவர்கள் மோனாட் என்ற கருத்து புரியவில்லை என்றுதான் முதலில் புலம்புவார்கள். ஆனால் எழுதிய புரோகிராம் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது, ஏன் மெமரியைத் தின்கிறது என்று தேடிப் போனால், பெரும்பாலும் லிஸ்ட்டில்தான் போய் முட்டும். சதுர அடைப்புக்குறி ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. பைத்தான் லிஸ்ட், இடங்கள் அடுத்தடுத்து அமைந்த அரே. ஹாஸ்கெல் லிஸ்ட், ஒரே திசையில் போகும் சங்கிலி: ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மதிப்பு, அடுத்த கண்ணிக்கு ஒரு சுட்டி, அவ்வளவே.

இதிலிருந்து வரும் முதல் தவறு, கடைசியில் சேர்ப்பது. ++ குறி இடப்பக்க லிஸ்ட்டை முழுதாக நகலெடுத்துத்தான் வலப்பக்கத்தோடு இணைக்கும். 10,000 உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடைசியில் ஒட்டினால் 0, 1, 2 எனத் தொடங்கி 9,999 வரை கூட்டி, ஏறக்குறைய 5 கோடி கண்ணிகள் நகலாகும். அதையே : போட்டு முன்னால் சேர்த்துக்கொண்டே போய், எல்லாம் முடிந்ததும் ஒரு தடவை ரிவர்ஸ் செய்தால் 20,000 கண்ணிகளோடு வேலை முடிந்துவிடும். ரிவர்ஸ் என்றாலே செலவு என்று பயப்பட வேண்டாம். ரிகர்ஷனுக்குள், அதாவது தன்னையே திரும்பக் கூப்பிடும் ஃபங்ஷனுக்குள், ஒவ்வொரு சுற்றிலும் போட்டால்தான் அடி.

!! போட்டு எண்வழி எடுப்பதும் இதே கதைதான். 5,000-வது உறுப்பு வேண்டுமென்றால் முதல் கண்ணியிலிருந்து நடந்துதான் போக வேண்டும். லிஸ்ட் காலியா என்று பார்க்க, நீளம் சொல்லும் லெங்த்தைக் கூப்பிட்டு 0-வோடு ஒப்பிடுகிறார்கள். அது முழு லிஸ்ட்டையும் எண்ணும், முடிவிலா லிஸ்ட் என்றால் நிற்கவே நிற்காது. காலி லிஸ்ட்டுக்கு ஒரு பேட்டர்ன், மற்றதற்கு ஒரு பேட்டர்ன் என்று எழுதினால் போதும். முதல் உறுப்பைத் தரும் ஹெட், மீதியைத் தரும் டெயில் இரண்டும் காலி லிஸ்ட்டில் வெடிக்கும் சிக்கலும் அதோடு தீரும். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சியே 9.8 பதிப்பு முதல் இந்த இரண்டுக்கும் எச்சரிக்கை கொடுக்கிறது, அதை அணைத்துவைக்காதீர்கள்.

எண்வழி அணுகலோ, இரு முனையிலும் சேர்ப்பதோ நிஜமாகவே தேவையென்றால் டேட்டா.சீக்வென்ஸ், சாவி கொடுத்துத் தேட டேட்டா.மேப். இரண்டும் ஜிஹெச்சியோடு வரும் கன்டெய்னர்ஸ் தொகுப்பில் உள்ளன. இங்கே இன்னொரு தயக்கம் வரும்: ஹாஸ்கெலில் உருவான மதிப்பை மாற்ற முடியாது என்றால், 10 லட்சம் சாவிகள் உள்ள மேப்பில் ஒன்றைச் சேர்க்க மொத்தத்தையும் நகலெடுக்குமோ? எடுக்காது. மேப் ஒரு சமநிலை மரம். வேரிலிருந்து புதுச் சாவியின் இடம் வரைக்குமான பாதையில் உள்ள கணுக்கள் மட்டும் புதிதாக உருவாகும், சுமார் 20 அல்லது சற்றுக் கூடுதலாக. மீதி அத்தனையையும் பழைய மேப்பும் புதிய மேப்பும் பகிர்ந்துகொள்ளும். பழையது கெடாமல் இருப்பதால்தான் இந்தப் பகிர்வே சாத்தியமாகிறது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது, லிஸ்ட்டை ஒரே விடையாகச் சுருக்கும் ஃபோல்ட். ஃபோல்ட்எல் கொண்டு 1, 2, 3 என்று கூட்டும்போது 0, 1, 3, 6 என உடனுக்குடன் கணக்கு நடக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. விடை தேவைப்படும் வரை ஹாஸ்கெல் எதையும் கணக்கிடாது, அதனால் ((0 + 1) + 2) + 3 என்ற கோவை கணக்கிடப்படாமல் நிலுவையில் வளரும். ஒரு கோடி எண்கள் என்றால் ஒரு கோடி நிலுவைக் கூட்டல்கள். ஆப்டிமைசேஷனை இயக்கிக் கம்பைல் செய்தால் ஜிஹெச்சி பல நேரம் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். வரிவரியாக ஓட்டிப் பார்க்கும் ஜிஹெச்சிஐ-யில் சோதிக்கும்போது அந்த உதவி கிடையாது. தீர்வு, பெயரின் இறுதியில் ஒற்றை மேற்கோள் குறி போட்ட ஃபோல்ட்எல்'. ஜிஹெச்சி 9.10 முதல் இது இம்போர்ட் இல்லாமலே கிடைக்கும். அதற்கு முந்தைய பதிப்பில் டேட்டா.லிஸ்ட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் அடுத்த குழி. சராசரி காண (கூடுதல், எண்ணிக்கை) என்ற ஜோடியைச் சுமந்து ஃபோல்ட்எல்' ஓட்டினாலும் மெமரி ஏறும். காரணம், அது ஜோடியின் வெளி ஓட்டை மட்டுமே கணக்கிடும்; உள்ளே இருக்கும் இரண்டு எண்களும் நிலுவையிலேயே கிடக்கும். இரண்டுக்கும் முன்னால் ! குறி போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கு தீரும். கூடுதலைத் தனியாகவும் லெங்த்தைத் தனியாகவும் கண்டு வகுப்பது பார்க்க எளிது, ஆனால் இரண்டாவது நடைக்காக, முதல் நடை முடியும்போது முழு லிஸ்ட்டும் மெமரியில் இருந்தாக வேண்டும்.

ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் தூய ஃபங்ஷன் என்பதால் விடைகளை ஹாஸ்கெல் தானாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதும் தவறு. இரட்டை ரிகர்ஷனில் எழுதிய ஃபிபனாச்சி, 30-க்கு 26,92,537 தடவை கூப்பிடப்படும். அதே பழக்கத்தைப் பைத்தானுக்கு எடுத்துப் போனால் வேறு தொல்லை: தன்னையே கூப்பிடுவது ஃபங்ஷனின் கடைசி வேலையாக இருந்தாலும் (டெயில் ரிகர்ஷன்) அங்கே சலுகை இல்லை, ரிகர்ஷன் ஆழத்தின் இயல்பு வரம்பு 1,000. பைத்தானில் லூப் போடுவது பாவமில்லை.

தமிழ் உரையைக் கையாள்பவர்களுக்கு ஸ்ட்ரிங் தனித் தலைவலி. அதுவும் எழுத்துக்கு ஒரு கண்ணி கொண்ட லிஸ்ட்தான். 64-பிட் ஜிஹெச்சியில் கண்ணி 24 பைட். ஆங்கில எழுத்துகள் முன்பே தயாராக இருப்பவை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 16 பைட் வேண்டும். "தமிழ்" என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 5, ஆகவே 200 பைட். யூடிஎஃப்-8-இல் 15 பைட்டுக்குள் அடங்குவது இது. கோப்பு பெரிதென்றால் டேட்டா.டெக்ஸ்ட்தான் சரி, அதன் 2.0 பதிப்பு முதல் உள்ளே யூடிஎஃப்-8.

டெக்ஸ்ட்டுக்கு மாறினாலும் "தமிழ்" சொல்லுக்கு லெங்த் 3 என்று சொல்லாது, 5 என்றே சொல்லும். ரிவர்ஸ் செய்தால் மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டிக்கொண்டு "ழி" ஆகிவிடும், புள்ளி ஒட்ட இடமில்லாமல் முன்னால் அனாதையாக நிற்கும். பிரிண்ட் கொடுத்தால் \2980\2990 என்று எண்களாகக் கொட்டும். உரையாகக் காட்ட புட்ஸ்டிஆர்எல்என் வேண்டும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க டெக்ஸ்ட்-ஐசியு தொகுப்பில் உள்ள பிரேக்கேரக்டரைப் பயன்படுத்துங்கள். உயிர்க்குறியையும் புள்ளியையும் அதனதன் மெய்யோடு சேர்த்தே அது தரும்.