குழந்தைகளின் இன்சுலின் பம்பும் டோஸ் கணிப்பானும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவுள்ள குழந்தையின் உடலில் பொருத்தி இன்சுலினைச் செலுத்தும் கருவியான இன்சுலின் பம்பில் விரைந்து செயல்படும் இன்சுலின் மட்டுமே ஓடுகிறது என்பதை மறப்பதே தவறுகளில் மிகவும் ஆபத்தானது. பேனா ஊசிக் காலத்தில் நாள் முழுவதும் பின்னணியில் நின்று காத்த நீண்டநேர இன்சுலின் பம்ப் பொருத்தியபின் இருப்பதில்லை. எனவே தோலுக்கடியில் உள்ள மெல்லிய குழாய் மடங்கினாலோ கழன்றாலோ, சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலம்) சேரத் தொடங்கிவிடும்.

எங்கள் மகளுக்கு ஓர் இரவு அதுதான் நேர்ந்தது. தூங்குவதற்கு முன் குழாயை மாற்றியிருந்தோம். இரண்டு மணிக்குச் சர்க்கரை 17.8 (mmol/L) காட்டவே, உயர்ந்த சர்க்கரையை இறக்கும் திருத்த டோஸைப் பம்ப் வழியாகக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து 19.4. டோஸ் முழுமையாகச் சென்றதாகத்தான் திரை சொன்னது. ஒட்டுப்பட்டையை உரித்துப் பார்த்தால் அது ஈரமாக, இன்சுலினுக்கே உரிய மருந்து வாடையுடன் இருந்தது. குழாய் நுனி வளைந்த ஊக்குபோல் மடங்கிக் கிடந்தது. அன்று முதல் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது: சர்க்கரை 14ஐத் தாண்டி, ஒரு திருத்த டோஸுக்குப் பிறகும் ஓரிரு மணி நேரத்தில் இறங்காவிட்டால், கீட்டோனைச் சோதித்து, மருத்துவக் குழு எழுதித் தந்த அளவைப் பேனாவில் போட்டு, குழாயைப் புதிதாக மாற்றுகிறோம். கீட்டோன் 1.5ஐத் தாண்டினாலோ குழந்தை வாந்தி எடுத்தாலோ மருத்துவக் குழுவை உடனே அழைக்க வேண்டும். மூச்சு வேகமாக வாங்கினாலோ குழந்தை சோர்ந்து மயங்கினாலோ சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைக்கத் தயங்கவே கூடாது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பேனாவில் போட்ட ஊசி, டோஸைக் கணக்கிட்டுச் சொல்லும் பம்பின் கணிப்பானுக்குத் தெரியாது. கணிப்பான் செய்வது எளிய கணக்குதான். 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்றால், 45 கிராம் சோற்றுக்கு 3 யூனிட். ஒரு யூனிட் சர்க்கரையை 4 குறைக்கும் என்றால், 14 இலிருந்து 6க்கு இறக்க 2 யூனிட். முந்தைய டோஸில் இன்னும் 1.5 யூனிட் உடலில் வேலை செய்துகொண்டிருந்தால், பொதுவாகத் திருத்தத்திலிருந்து அதைக் கழித்து அரை யூனிட்டை மட்டுமே சேர்க்கும். சர்க்கரை இறங்கவில்லையே என்ற பதற்றத்தில் அந்தக் கழிவை மீறி மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதால்தான் இரண்டு மணி நேரம் கழித்துக் குழந்தை நடுங்கி வியர்த்து நிற்கிறது. பாட்டி கொடுத்த மைலோவுக்கு அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக டோஸ் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. டோஸ் கொடுக்கும் பொறுப்பு எந்நேரமும் ஒருவரிடமே இருப்பது நல்லது.

மாவுச்சத்தைக் கண்ணளவில் மதிப்பிடுவது இட்லிக்கு ஓரளவு ஒத்துவரும், பிராட்டாவுக்கு ஒத்துவராது. அதில் உள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், முழு டோஸையும் ஒரேயடியாகச் செலுத்தினால் சர்க்கரை முதலில் தாழ்ந்து, பின்னர் வெகுநேரம் உயர்ந்தே நிற்கக்கூடும். டோஸைப் பிரித்துச் செலுத்தும் வசதியைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவக் குழுவிடம் கேட்டறியுங்கள்.

பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் பம்பின் கடிகாரத்தை மாற்ற மறந்துவிடுகிறார்கள். அங்கே காலை 7 மணி என்றால் பம்புக்கு 9.30, காலை உணவுக்கான விகிதத்துக்குப் பதில் வேறு வேளையின் விகிதம் கணக்கில் ஏறிவிடும். அளவீட்டு அலகும் வேறு. அங்கே 180 (mg/dL) என்று சொல்வது இங்கே 10 (mmol/L). 18 ஆல் வகுக்காமல் எந்த எண்ணையும் இங்குள்ள கருவியில் பதியாதீர்கள்.

நீச்சல் வகுப்புக்காகக் கழற்றிய பம்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் பையிலேயே விட்டுவைப்பதும், அதை வெயிலில் காயவைப்பதும் தவறு. குழந்தை வளர்ந்தும் பழைய விகிதங்களே கணிப்பானில் கிடப்பது அதைவிடப் பரவலான தவறு. பருவ வயதில் இன்சுலின் தேவை கணிசமாகக் கூடும். ஒவ்வொரு மருத்துவச் சந்திப்பிலும் அந்த எண்களைத் திரையில் திறந்து காட்டிச் சரிபாருங்கள். வீடு திரும்பியதும், பள்ளிப் பையில் உள்ள அவசரப் பேனாவின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.